ஆள் இல்லாத வயல்

நெய்னா முகம்மது இதுவரை எடுத்திருந்த இயற்கைக் காட்சிப் படங்கள் ஐந்து. ஐந்திலும் யாராவது ஒருவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

குளத்தைப் படம் பிடிக்கப் போனால், குளித்துக்கொண்டிருந்தவர் கரையேறித் தலையைத் துவட்டி, வகிடெடுத்துக்கொண்டு வந்து நின்றார். தென்னந்தோப்பைப் பிடிக்கப் போனால் காவல்காரர் குடும்பத்தோடு நின்றார். நன்னிலம் வட்டாரத்தில் காமிரா என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற சாமான். அதைக் கண்ட பிறகும் யாரும் வந்து நிற்காவிட்டால் கொண்டுவந்த மனுஷனை அவமதித்த மாதிரி ஆகிவிடும்.

"மரத்தையா பாய் புடிக்கப் போறீங்க? மரம் எங்கயும் போயிடாது. நாங்க நிக்கிறோம், புடிங்க" என்று பரிவோடு சொன்னார்கள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளர்களை விரட்ட முடியுமா? பிடித்தார்.

இத்தனைக்கும் காரணம் அவர் மனைவி ஹபீபுன்னிசாவின் அண்ணன் அப்துல் அஜீஸ். பினாங்கில் வியாபாரம் செய்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தபோது, சுவரில் ஜவுளி மில் காலண்டர் மட்டும் தொங்குவதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பினாங்கில் கௌரவமானவர்கள் வீட்டுக் கூடத்தில் மலையும் கடலுமாக இயற்கைக் காட்சிப் படங்களைச் சேர்த்து மாட்டியிருப்பார்களாம். எடுத்த கலைஞர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பாராம். கிளம்பும்போது தம்முடைய பழைய காமிராவை மச்சானிடம் தள்ளிவிட்டுப் போனார்.

நெய்னா முகம்மதுவுக்கு அந்த உச்சு உள்ளே போய்த் தைத்தது. ஆறு மாதம் கழித்து, தாமும் படச் சேகரிப்பு ஆரம்பித்துவிட்டதாகவும், ஒரு டசன் தேறும் என்றும் கடிதம் எழுதினார். பினாங்கு தூரத்தில்தானே இருக்கிறது என்கிற தைரியம்தான். இப்போது அஜீஸிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாராம். சேகரிப்பைப் பார்க்க ஆவலாக இருக்கிறதாம்.

"ஒரு டசன் வேணாங்க, ஒண்ணாச்சும் ஆளில்லாம எடுத்து மாட்டுங்க. எங்க அண்ணன் முன்னாடி நான் தலைநிமிந்து சோறு போட வேணாமா?" என்றாள் ஹபீபுன்னிசா.

நெய்னா முகம்மது மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுஞ்சேரிக்குப் போனார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு வயல். முதல் நாள்தான் பாதி நடவு முடிந்திருந்தது. மீதித் தண்ணீரில் வானம் முழுசாகக் கிடந்தது. கோடியில் மூன்று பனைமரம். பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். துணியை முழம் போட்டே நாற்பத்தைந்து வயதைக் கழித்துவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வயலுக்கு நடுவில் வீரையனும் அவன் மனைவி அம்சவல்லியும் நின்றார்கள். பல வருஷமாக அந்த வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர்கள். பாயைக் கண்டதும் வீரையன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். துணி வாங்க வரும்போதுகூட அவன் அப்படிச் செய்ததில்லை. வாடிக்கைக்காரன் என்றால் இவனல்லவா வாடிக்கைக்காரன் என்று நெய்னா முகம்மது நினைத்துக்கொண்டார்.

காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வயலை விட்டு வெளியே போய் நிற்கும்படி இருவரிடமும் சொன்னார்.

வீரையன் முகம் செத்துப்போயிற்று. அம்சவல்லி கையிலிருந்த நாற்று முடியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பக்கத்து வயல்காரர்கள் கூடினார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்து அரசப்பனும் வந்து சேர்ந்தார்.

"ஒரே ஒரு நிமிஷந்தான். அப்புறம் வழக்கம்போல எறங்கிக்கட்டும்" என்றார் நெய்னா முகம்மது.

"ஒரு நிமிஷம் வெளிய போனா மறுபடி உள்ள வர ஒரு தலைமொறை ஆவும் பாய். நாங்க பாக்காததா?" என்றார் அரசப்பன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்கிற உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்திருந்தது. சாகுபடி செய்கிறவர் பெயரை அரசாங்க ஏட்டில் பதிய வேண்டும் என்று இன்னொரு சட்டமும் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை யாரும் சுலபத்தில் கிளப்ப முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்கு முன்னால் கிளப்பிவிடுகிற வேலை ஜில்லா முழுக்க மும்முரமாக நடந்தது. வீரையன் மனுப் போட்டுவிட்டு, வயலில் ஒரு கால் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுகிற பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன கலை? வீரையனை நாற்றும் கையுமாக, அம்சவல்லியைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தார். பிரதி தருவதாகவும் சொன்னார். ஆறாவது படத்திலும் ஆள் நின்றாயிற்று.

மறுநாள் கடை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் நெடுஞ்சேரி மிராசுதார் பஞ்சநதம் பிள்ளை, வீரையனிடம் குத்தகை நெல் அளந்து வாங்குகிறவர். துணியைக்கூட வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்கிறவர். அவர் கடை பெஞ்சியில் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த காப்பியையும் குடித்தார்.

"பாய், நமக்குள்ள எதுக்குப் படமெல்லாம்? என்ன வேணுமோ என்கிட்ட சொல்லுங்க. அந்த வயலை மட்டும் விட்டுடுங்க" என்றார்.

நெய்னா முகம்மது நெகிழ்ந்துபோனார். இந்த ஊரில் தம் கலையை மதித்து வந்து பேசிய முதல் மனுஷர்.

"தப்பா நெனைக்கக்கூடாதுங்கய்யா. எத்தனையோ எடம் பாத்துட்டேன். அந்த வயல்தான் மனசுக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

பஞ்சநதம் பிள்ளைக்குக் காப்பி புரையேறியது. பிறகு குரலைத் தாழ்த்தி, வீரையனோடு சேர்த்து எடுத்தது எதற்கு என்று கேட்டார். ஆள் இல்லாமல் எடுக்கத்தான் தாம் தவியாய்த் தவிப்பதாகவும், ஆட்கள்தான் நகர மறுக்கிறார்கள் என்றும் நெய்னா முகம்மது குறைபட்டுக்கொண்டார். மிராசுதார் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரே மனசுதான் என்றும், நாளை உச்சிப்பொழுதுக்கு வயலைச் சுத்தமாக வைத்திருப்பது தம் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

சொன்னபடியே செய்தார். மிராசுதாரின் காரியக்காரர் நாலு ஆட்களோடு வந்து, வீரையனையும் அம்சவல்லியையும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். வயலும் வானமும் மூன்று பனையுமாக நெய்னா முகம்மது ஆசை தீர ஒரு படம் எடுத்தார். திருவாரூர் ஸ்டூடியோவில் பெரிசாகப் போட்டு வந்து பார்த்தபோது, அது தாம் எடுத்ததுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

கண்ணாடிச் சட்டம் போடுகிற கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இறந்தவர் எங்கே இருக்கிறார், தேதி எழுத வேண்டுமா என்று துக்கத்தோடு விசாரித்தார். தேதி வேண்டாம் என்று சொல்லி, மூலையில் தம் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார் நெய்னா முகம்மது.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமை காலை வரைக்கும்தான். கடையைத் திறந்தபோது வாசலில் நெடுஞ்சேரியிலிருந்து நாற்பது பேர் நின்றார்கள். சத்தம் போடவில்லை. யாரையும் கடைக்குள் போக விடவில்லை, அவ்வளவுதான். தீபாவளி வியாபாரச் சமயம். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த சீட்டிப் புடவைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"வீரையனை ஓட்டிவிட்டுட்டு வெத்து வயலைப் படம் புடிச்சிருக்கீங்க. அங்க சாகுபடிக்காரனே இல்லேன்னு காட்டத்தானே?" என்று கேட்டார் அரசப்பன்.

வீரையன் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் நெய்னா முகம்மதுவால் தாங்க முடியவில்லை. ஒரு படத்துக்காக ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டோமா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டூடியோ உறையிலிருந்து வீரையன் நிற்கிற படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அரசப்பன் அதை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தால் நன்றாக இருக்கும் என்றார். கலைஞரிடம் ஒருவர் தாமாகக் கையெழுத்துக் கேட்கிறார். நெய்னா முகம்மது பேனாவை உதறிக்கொண்டு, 'நெடுஞ்சேரி வாய்க்காலோர வயலை வீரையன் வருஷக்கணக்காகச் சாகுபடி செய்துவருகிற காட்சி' என்று அழகாக எழுதி, ஒப்பமிட்டு, தேதியும் போட்டார்.

"இந்த மனசு யாருக்கும் வராது மொதலாளி" என்று வீரையன் கும்பிட்டான். கூட்டம் அப்படியே கடைக்குள் நுழைந்து புடவை பார்க்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அஜீஸ் வந்தார். கூடத்துச் சுவரில் ஒரே ஒரு படம். ஒரு டசன் எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், படத்தைப் பார்த்ததும் எண்ணிக்கையை மறந்தார். கிட்டே போய்ப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். கடைசியில், இந்த ஒன்று இருந்தால் போதும் மச்சான், என் வீட்டில் இருப்பதெல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டார். சமையல்கட்டு வாசலில் நின்ற ஹபீபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, தாலுக்கா அலுவலகத்துச் சேவகர் காத்தான் ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"வீரையன் மனு விசாரணைக்கு வருதுங்க. நீங்க எடுத்த படத்தை எங்க அதிகாரி பாத்தாரு. இதுக்கு மேல அத்தாட்சி எதுவும் வேணாம், பேரைப் பதிஞ்சுடலாம்னு சொல்லிட்டாரு. நீங்களும் திங்கக்கெழம நேர்ல வந்துட்டுப் போகணுமாம்" என்றார்.

நெய்னா முகம்மது மச்சானைப் பெருமையோடு பார்த்தார். பினாங்கில் யாருடைய படத்தையாவது அரசாங்கம் கூப்பிட்டு மதித்திருக்கிறதா என்று கேட்டார். பேனாவைத் திறந்துகொண்டு, பஞ்சநதம் பிள்ளைக்குத்தான் தம்மேல் வருத்தம் வரும், இருந்தாலும் கலைஞன் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றார்.

"சாட்சி கையெழுத்து எங்க போடணும் காத்தான்?"

"நீங்க சாட்சி இல்ல பாய், எதிர்மனுதாரர். உச்சவரம்புக்குப் பயந்து பஞ்சநதம் அய்யா அந்த வயலை உங்க பேர்ல கிரயம் எழுதி வச்சு மூணு வருஷமாச்சு, ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"