சௌந்திரத்துக்கு எந்தப் படத்தில் ஆரம்பிப்பது?

என் மனைவி சௌந்திரத்தைக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களுக்கு ரசிகையாக்கியே தீருவது என்று போன ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கும்போது சபதம் போட்டேன். நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். ஆறு மாதமாக அந்தப் பைத்தியம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது, ஐயா! மழை, தொப்பி, சிகரெட்டுப் புகை, சுவரெல்லாம் ஜன்னல் நிழல், நம்பி நாசமாய்ப் போகிற ஆம்பளை. தனியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும்.

எதில் ஆரம்பிப்பது என்பதுதான் சிக்கல். பேர் பெற்ற படங்களில் யார் யாரைச் சுட்டார்கள் என்று எனக்கே மூன்றாம் தடவைதான் புரிந்தது. இன்னும் பல படங்களில் பெண்டாட்டி புருஷனைத் தீர்த்துக்கட்டுகிறாள். அதையெல்லாம் முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து அடித்தேன். நாமே எதுக்குப் பாடம் எடுத்துக் கொடுக்க வேண்டும்? அதோடு, முடிவு தெரியாமல் சௌந்திரத்தால் அஞ்சு நிமிஷம் உட்கார முடியாது. அதனால் முதல் காட்சியிலேயே மாட்டிக்கொண்டவன் தானே கதை சொல்கிற படமாக ஒன்றைப் பொறுக்கினேன். ஒன்றேகால் மணி நேரந்தான்.

“இதுக்குப் பேரு நுவார்” என்றேன்.

“கட்டிலுக்குப் பின்னற நாடா, அந்த நவாருங்களா?”

“அதில்ல புள்ள. பிரெஞ்சுல கருப்புன்னு அர்த்தம்.”

“நம்மூருக் கருப்பு பத்தாதுன்னு பிரெஞ்சுக் கருப்பு வேறயா? சரி, போடுங்க. எனக்கும் ஒரு படி வெங்காயம் உரிக்கோணும்.”

மத்தியானம் ரெண்டு மணி. ஹால் ஜன்னலில் லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். இருட்டு வந்தது, காற்று போய்விட்டது.

இங்கே உங்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் நர்மதாவுக்குப் பத்து நாளில் கல்யாணம். சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் போய், வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். அதுவும் பரமத்தி வேலூரில் இருக்கும் மச்சான் காளியப்பன் சௌந்திரத்துக்கு ஒரே அண்ணன், நர்மதாவுக்குத் தாய்மாமன். அவர் முறுக்கிக்கொண்டால் முறை செய்ய ஆளில்லை, கல்யாணமே களையிழந்துவிடும். முழங்கால் வலி என்று சௌந்திரம் என்னைத் தனியாக அனுப்பினாள். நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஒரு நுவார் படத்தை ஆரம்பித்தேன். படம் உச்சத்தில் இருக்கும்போது பஸ் கிளம்பியது. பத்திரிகையைக் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, மச்சான் இளநீர் வெட்டிக் கொடுத்தார் என்று புளுகிவிட்டேன். அது நடந்து அன்றோடு ஆறு நாள், சோறு இறங்கவில்லை.

படம் ஓடியது. நனைந்த தொப்பிக்காரன் ஒருத்தன் போலீஸ்காரன் எதிரில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான்.

“ஏனுங்க, போலீசுக்காரன் ஒண்ணுமே கேக்கலியே? இவனா எதுக்குங்க எல்லாத்தையும் கக்கறான்?”

“மனசாட்சி புள்ள! கேள்வி கேட்டாக்கூடப் பொய் சொல்லிச் சமாளிச்சுருவான். சும்மா பாத்துக்கிட்டே இருந்தாத் தாங்க மாட்டான். அதுதான் இதுல இருக்கற நுட்பம்.”

“அப்புடிங்களா?” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கை வெங்காயத்தை உரித்தது. கண் டிவியில் இல்லை, என் மேல் இருந்தது.

“என்ன புள்ள?”

“ஒண்ணுமில்லீங்க.”

“படத்தப் பாரு.”

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறன்.”

எனக்கு வேர்த்து ஊற்றியது. தார்ப்பாய்ப் புழுக்கம் என்று மனசைத் தேற்றினேன். மனசு கேட்கவில்லை.

“நான் வேலூருக்குப் போகவே இல்ல புள்ள!” என்று கத்திவிட்டேன். கண்டக்டர், பெஞ்சு, இளநீர் எல்லாம் வெளியே வந்தது.

“அப்பறம்?” என்றாள்.

“ஆட்டையாம்பட்டிச் சித்தப்பா ஊடு பூட்டிக் கெடந்துச்சு. பத்திரிகையக் கேட்டுக்கு அடியில தள்ளீட்டு வந்துட்டன்.”

“அப்பறம்?”

“புதுச்சத்திரத்து உண்ணாமலை பெரியம்மாளுக்குச் சேத்தச் சொல்லி டீக்கடையில குடுத்துட்டு வந்துட்டன். அவ்வளவுதான் சாமி, வேற ஒண்ணும் இல்ல!”

சௌந்திரம் நிதானமாக இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

“எங்கண்ணன் அன்னைக்கே போன் பண்ணி, குதியா குதிச்சுதுங்க. புதங்கெழம நீங்க கடைக்குப் போனப்பறம், முழங்காலுக்குத் தைலத்தத் தேச்சுட்டு பஸ் ஏறுனன். வெத்தல பாக்கு வெச்சு, ஒரு பாட்டம் அழுதுட்டு வந்தன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்தர்றன்னு சொல்லீருச்சு.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது! மச்சான் வருகிறார், முறை செய்யத் தாய்மாமன் இருக்கிறார். ஆறு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடு ஒரே நிமிஷத்தில் இறங்கியது. எழுந்து போய் அவள் முழங்காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டேன். காற்று ஜில்லென்று உள்ளே வந்தது.

“ஏம் புள்ள, தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்காம இருந்துட்டயே! கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே!”

“கேட்டிருந்தா எங்கண்ணன் ஊட்டுக் கதைய மட்டுந்தானுங்க சொல்லியிருப்பீங்க” என்றாள் சௌந்திரம். “ஆட்டையாம்பட்டியும் புதுச்சத்திரமும் எனக்கு இப்பத்தானுங்க தெரியும்.”