வெயிலில் பெருத்த மனிதன்

தராசில் ஏறி நின்ற நேரம் பார்த்து நிக்கானோருக்குக் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. நிற்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. விடிந்ததிலிருந்து எரித்த கரும்பை வெட்டியதில் முகம் முழுக்கக் கரி. அந்தக் கரியில் வியர்வை கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது.

"ஆடாம நில்லுங்கண்ணே. நம்பர் நிக்க மாட்டேங்குது," என்றாள் ஒதிலியா. கரும்பு வெட்டுகிறவர்களின் உடம்பைக் கவனிக்க ஆலை வைத்திருக்கும் பெண்.

"நான் ஆடல தாயி. காலுதான் ஆடுது."

ஒதிலியா குறிப்பேட்டைப் பார்த்தாள். "காலையில இருநூத்திப் பத்து பவுண்டு. இப்ப இருநூத்தி ரெண்டு. எட்டுப் பவுண்டு எங்க போச்சு?"

"உங்க ஆலைக்குத்தான் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.

போன வருடம் கரும்புக் காட்டில் இரண்டு பேர் சுருண்டு விழுந்த பிறகு ஆலை போட்ட சட்டம் அது. காலையில் அவரவர் ஊரில் பஸ் ஏறும்போது ஓர் எடை, மாலையில் காட்டிலேயே ஆலைத் தராசில் ஓர் எடை. ஐந்து பவுண்டுக்கு மேல் குறைந்தால் உடம்பு வற்றிவிட்டது என்று அர்த்தம், சிவப்புச் சீட்டு. மூன்று சீட்டு சேர்ந்தால் இந்த வெட்டுக் காலம் முழுக்க வேலை கிடையாது. வெட்டு போனால் அடுத்த நவம்பர் வரை நிக்கானோர் வீட்டு அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும்.

அன்று திங்கட்கிழமை, வெட்டின் முதல் நாள். லா செய்பா ஊரிலிருந்து வந்த முப்பது பேருக்கும் சீட்டு விழுந்தது. மற்ற ஊர்க்காரர்களில் ஒருவனுக்கும் விழவில்லை. சாயங்காலத்துக்குள் லா செய்பா ஆட்களுக்கு 'காய்ந்த திராட்சை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நாங்க வேலை செய்யறோம், வேர்க்குது. நீங்க நிழல்ல நிக்கிறீங்க, வேர்க்கல," என்று பதில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

"கொடுத்த குளுக்கோஸைக் குடிச்சீங்களா இல்லையா?" என்று ஒதிலியா ஜன்னல் வழியே கேட்டாள்.

நிக்கானோர் குடிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். இரண்டும் சட்டைப் பையில் அப்படியே இருந்தன. காரணம் கசில்தா.

மழைக்காலத்தில் ஊருக்கு வந்த நர்சு, பஸ் நிற்கும் கடை வாசலில் எல்லோரையும் எடை போட்டாள். "இருநூறுக்கு மேல இருக்கீங்க. இப்படியே போனா சீனி வியாதி வரும்," என்று நிக்கானோரிடம் சொன்னாள். அவர் அங்கேயே மறந்துவிட்டார். மனைவி கசில்தா மறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் காப்பிக்குச் சீனி கிடையாது. சோள ரொட்டி நாலுக்கு மேல் கிடையாது.

அன்று மாலை சட்டையைத் துவைக்க எடுத்த கசில்தா பாக்கெட்டுகளைக் கண்டுபிடித்தாள். பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"யோவ், இது சீனி."

"குளுக்கோஸ். உப்பும் கலந்திருக்கு. ஆலையில குடிக்கச் சொல்றாங்க."

"பேரை மாத்தி வச்சா சீனி சீனி இல்லன்னு ஆயிடுமா? ஒருத்தி குடிக்காதேங்கிறா, ஒருத்தி குடிங்கிறா. உன் உடம்பு யாருக்குப் பொறந்தது?"

நிக்கானோர் சீட்டைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தம்பியும் இதே கரும்பில் வற்றி, பிறகு கை கால் வீங்கி, சிறுநீரகம் போய்ச் செத்தவன்தான். அப்போது அவனுக்கு முப்பத்தியிரண்டு வயது.

பிறகு எழுந்தாள். "சரி, குளுக்கோஸைக் குடி. அதுக்குப் பதிலா ரொட்டி ரெண்டு போதும். பயறு அரைக் கரண்டி. எடையும் ஏறாது, காலும் பிடிக்காது."

"அரைக் கரண்டி பயறை வச்சு நான் கரும்பு வெட்டணுமா, கோழி மேய்க்கணுமா?"

"பேசாத. சம்பளத்தன்னிக்குக் கடையில தராசு முள்ளை என் கண்ணால பாத்து இருபது பவுண்டு பயறு வாங்கிட்டு வரேன். பதினஞ்சு நாளைக்கு வரணும். பத்தாம் நாளே பானை காலி. நாங்க எல்லாரும் தூங்கின பிறகு அந்தப் பானையை யாரு நக்குறதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா நான் இல்லடி."

"அப்ப இருநூத்திப் பத்து பவுண்டும் காத்தா?"

நிக்கானோர் குனிந்து பார்த்தார். வயிறு அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை குளுக்கோஸ் இரண்டு பாக்கெட்டும் குடித்தார். பத்து மணிக்கே அரைக் கரண்டி பயறு தீர்ந்துபோய், வெட்டுக் கத்தி ஓங்கினால் கண் இருட்டியது. மாலையில் ஒன்பது பவுண்டு குறைந்திருந்தது. இரண்டாவது சீட்டு.

ஆச்சரியம் அதுவல்ல. லா செய்பாவின் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அன்று சீட்டே விழவில்லை.

"எப்படிடா?" என்று பக்கத்துச் சாலில் வெட்டும் சீலோவைக் கேட்டார்.

சீலோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பூட்ஸைத் தரையில் தட்டினான். உள்ளே 'டங்' என்றது.

"நம்ம கரும்பைத் தராசுல போட்டு ஆலைக்காரன் திருடறப்ப நாம என்ன பண்றோம்? கட்டுக்குள்ள கல்லைச் சொருகறோம். நம்மளையே தராசுல போட்டா? அதே தொழில்தான் மாப்ள. கத்தி தீட்டுற அரம் ரெண்டை பூட்ஸ்ல சொருகு. முடிஞ்சுது."

"எல்லாருமா?"

"உன்னைத் தவிர எல்லாரும். உன்கிட்டச் சொன்னா கசில்தாகிட்டச் சொல்வே. அவ ஒதிலியாகிட்டச் சொல்வா."

புதன்கிழமை நிக்கானோரின் கடைசி வாய்ப்பு. இன்னொரு சீட்டு வந்தால் வெட்டு போச்சு. ஆகவே அவர் சீலோ சொன்ன அளவோடு நிற்கவில்லை. பூட்ஸ் ஒன்றுக்கு மூன்று அரம். கால்சட்டைக்குள் டிராக்டர் சங்கிலியில் ஒரு துண்டு. மாலையில் தராசை நோக்கி அவர் நடந்து வந்தது, கோவில் மணியைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது.

ஒதிலியா நம்பரைப் பார்த்தாள். குறிப்பேட்டைப் பார்த்தாள். இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள்.

"இருநூத்திப் பதினாலு," என்றாள். "அண்ணே, காலையில இருநூத்திப் பத்து. நாள் பூரா இந்த வெயில்ல கரும்பு வெட்டி நாலு பவுண்டு ஏறியிருக்கீங்க."

"குளுக்கோஸ் வேலை செய்யுது தாயி," என்றார் நிக்கானோர், மகிழ்ச்சியாக.

"குளுக்கோஸ் குடிச்சா நாலு பவுண்டு ஏறாது. தண்ணி வெளியே போகலன்னாதான் ஏறும். வீக்கம். சிறுநீரகம்."

வரிசை அப்படியே நின்றுபோனது. தலையில் கட்டிய துணியை ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். அந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அப்படித்தான் செய்வார்கள். சீலோ மட்டும் நிக்கானோரின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப்பில் ஏற்றி ஆலை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்து நிக்கானோர் யோசித்தார். அங்கே பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள். அரம் விழுந்தால் ஏமாற்றுக்காரன், வேலை போச்சு. அரம் விழாவிட்டால் நோயாளி, அப்போதும் வேலை போச்சு. எதற்கும் முதலில் அரம் போகட்டும் என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே கரும்புக்குள் வீசினார். ஆறு அரம். ஒவ்வொன்றும் நல்ல அரம். கடைசியாகச் சங்கிலி.

மருத்துவமனையில் டாக்டர் தராசில் ஏறச் சொன்னார்.

இருநூற்றி இரண்டு.

டாக்டர் ஒதிலியாவின் சீட்டை எடுத்துப் பார்த்தார். "காட்டுல எப்ப எடை போட்டாங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"வழியில என்ன பண்ணீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜீப்பில் சும்மா உட்கார்ந்தபடி அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பவுண்டு இழந்த மனிதனை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "படுங்க," என்றார். "அசையாதீங்க. பேசாதீங்க."

ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

ஆட்களை ஊரில் இறக்கிவிட்ட பஸ், கசில்தாவை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆலைக்குத் திரும்பி வந்தது. ஓட்டியவர் எலியாஸ். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள். காலையில் எடை போட்ட தராசு பஸ்ஸிலேயே இருந்தது; அவசரத்தில் அதைக் கடையில் இறக்க மறந்துவிட்டார். அது கடைக்காரர் தொன் செலெஸ்தீனோவின் மூட்டைத் தராசு. ஆலைக்குக் காசு வாங்காமல் கொடுத்து உதவுகிறார் என்று ஞாயிறு பூசையில் பாதிரியாரே அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். இன்று அந்த மனிதர் "என் தராசு, என் தராசு" என்று பாதி ஊர் வரைக்கும் பஸ்ஸின் பின்னால் ஓடி வந்தார்.

கசில்தா அழுதபடி உள்ளே வந்தாள். தொங்கிய பாட்டிலைப் பார்த்ததும் அழுகை நின்றது.

"என்ன ஊத்துறீங்க அவருக்கு?"

"குளுக்கோஸ்மா," என்றார் டாக்டர்.

"வாயால குடிச்சதுக்கே இந்தக் கதி. இப்ப நேரா ரத்தத்துலயேவா? அவருக்குச் சீனி ஆகாது, பிடுங்குங்க."

"அம்மா, சாப்பாட்டைக் குறைச்சு எடையைக் குறைங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா வெயில்ல வெட்டுறவனுக்குக் குளுக்கோஸும் உப்பும் மருந்து. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க."

"நீங்க குழம்பாம இருந்தா சரி. என் புருசன் சாவானா மாட்டானா, அதைச் சொல்லுங்க."

அதற்குள் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டாக்டர் இரண்டு தடவை படித்தார். "சிறுநீரகம் நல்லா இருக்கு. சீனி நல்லா இருக்கு. உடம்பு வத்தவும் இல்ல. இந்த ரத்தம் எட்டுப் பவுண்டு குறைஞ்ச ஆளோட ரத்தமே இல்ல."

கசில்தா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். அதைப் பார்த்ததும் நிக்கானோரால் தாங்க முடியவில்லை. அரம், சங்கிலி, ஜன்னல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மற்ற இருபத்தொன்பது பேரை மட்டும் சொல்லவில்லை.

"செத்துப்போவேன்னு நினைச்சு வழியெல்லாம் அழுதேன்," என்றாள் கசில்தா. "இப்ப நானே கொன்னுடுவேன்."

டாக்டர் சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்தார். மூன்றாவது. பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். "அரத்தைக் கழிச்சாலும் காலையில இருநூத்திப் பத்து, மாலையில இருநூத்தி ரெண்டு. இந்த ரத்தத்துக்கு அது பொருந்தல. காலையில போட்ட தராசு எங்க?"

எலியாஸ் வாசல் பக்கம் கையைக் காட்டினார். போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆலையில் சீனி மூட்டைக்கா பஞ்சம். முத்திரை பிரிக்காத நூறு பவுண்டு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்கள். முள் நடுங்கி, நூற்றி ஆறில் நின்றது. அதன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றினார்கள். இருநூற்றி ஆறு.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப லா செய்பாவுல ஒருத்தன்கூட வத்தல. முப்பது பேரையும் தராசுதான் வத்தவச்சிருக்கு." நிக்கானோரின் மூன்று சீட்டுகளையும், எழுதினது இரண்டு, எழுதாதது ஒன்று, கிழித்துப் போட்டார். "நாளைக்கு வேலைக்கு வாங்க. குளுக்கோஸ் குடிங்க. நீங்க இருநூத்திப் பத்து இல்ல, இருநூத்தி நாலு."

"இருநூத்தி நாலும் இருநூறுக்கு மேலதான்," என்றாள் கசில்தா. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தராசு பொய் சொல்லுச்சு, சரி. பானை பொய் சொல்லுமா? பத்தே நாள்ல காலி பண்ற ஆளுக்கு அரைக் கரண்டிதான். அதுல மாத்தமில்ல."

நிக்கானோர் கூரையைப் பார்த்தார். பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

தராசைத் திரும்பத் தோளில் ஏற்றிய எலியாஸ், வாசலில் நின்று, அந்த வருடத்துக்கான பத்து வார்த்தைகளையும் ஒரேயடியாகச் செலவழித்தார்:

"கசில்தாக்கா, ஒவ்வொரு இருபது பவுண்டு பயறுலயும் கடைக்காரர் உங்களுக்கு ஆறு பவுண்டு பாக்கி."