சாணி காயாத ஒன்பதாம் குழி

தேவமாதா துணை

அன்புள்ள பேரன் ஆல்பினுக்கு ஆயா ரெஜினா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் பெங்களூரில் வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை தவறாமல் நல்லபடி இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் 'சரி ஆயா, சரி ஆயா' என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஏரிக்குள் நடந்த கோல்ஃப் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். உன் தாத்தா பிலவேந்திரன். அவரோடு மோதிய வீரமுத்து. வீரமுத்து பெண்சாதி சின்னப்பொண்ணு, தூக்குச்சட்டி நிறைய அவித்த மரவள்ளிக்கிழங்கோடு. தாத்தாவின் தங்கை, என் நாத்தனார் லூசி. உன் அம்மா செலினா, திருக்கோவிலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து. பூசை முடிந்த கையோடு வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்த பங்குச் சாமியார். அடி எண்ணுவதற்கு டிரில் வாத்தியார் அறிவுச்செல்வன். போன வருஷம் தன் ஆடு பந்தை விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தானே ராசு, அவன். அந்த ஆடும் வந்திருந்தது. அப்புறம் நான். இவ்வளவு பேர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நீ சீக்கிரம் மறக்கிறவன் என்பதால் சொல்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலே கதி என்று கிடந்த மனுஷனை, நீ வேலை பார்க்கிற கோல்ஃப் கிளப்பில் தூக்கிப் போட்ட பழைய குச்சி மூன்றையும் ஒரு பை பந்தையும் கொண்டுவந்து, காய்ந்த ஏரிக்குள் பெயிண்ட் டப்பாக்களைப் புதைத்து ஒன்பது குழி ஆக்கி, கையில் குச்சியைக் கொடுத்து எழுப்பி நடக்கவைத்தவன் நீதான். அதை மறக்க மாட்டேன். நல்லதையும் நான் மறக்கிறதில்லை. ஈஸ்டர் முடிந்து ஆரம்பித்தால் ஏரிக்குத் தண்ணீர் வரும்வரை ஆட்டம். உங்கள் ஊர் மாதிரிப் புல் இங்கே எங்கே முளைக்கிறது, அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நெல் அடிக்கிற களம் மாதிரி வட்டமாகச் சாணி போட்டு மெழுகுவது, அது லூசி பொறுப்பு என்று அவளே எடுத்துக்கொண்டாள். ஆரம்பித்த நாளிலிருந்து வருஷா வருஷம் கோப்பையை வீரமுத்துதான் தூக்கிப்போனார். அவர் வீட்டு பிரிட்ஜ் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. காபி குடிக்கப் போனால் உன் தாத்தா பிரிட்ஜுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இந்த ஈஸ்டரன்று அவர் உன்னிடம் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இந்த வருசத்தோட சரிடா. கோப்பைய நம்ம வூட்டுக்கு எடுத்தாந்துட்டு குச்சிய பரண்மேல போட்டுடறன்." அதற்கு நீ, "பைனலுக்கு நான் வரன் தாத்தா" என்றாய். நான் அப்போது கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். நீ மேல்பொத்தான் போன நீலச் சட்டை போட்டிருந்தாய்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். எட்டுக் குழி முடிய ரெண்டு பேரும் சமம். கல்வராயன் மலைமேல் மேகம் கவிழ்ந்து கறுத்துக்கொண்டே வருகிறது, மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அறிவுச்செல்வன் விசிலை ஊதுகிறார், நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு ஜெபமாலையை உருட்டுகிறேன். ஒன்பதாம் குழியில் வீரமுத்து அஞ்சாவது அடியில் பந்தை உள்ளே தள்ளிவிட்டார். உன் தாத்தா சீமைக்கருவேல மரத்தடியில் நின்றுகொண்டு, மூன்றாவது அடி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி ஓங்கி அடித்தார் பார், பந்து மேலே போய், மேகத்தைத் தொட்டுவிட்டு வருகிற மாதிரி வந்து நேராகக் களத்தில் குழிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இன்னும் ஒரே ஒரு தட்டு, கோப்பை நம் வீட்டில். உன் அம்மா கையைத் தட்டினாள். நான் தட்டவில்லை, எனக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. காய்ந்த களத்தில் பந்து விழுந்தால் 'டொக்' என்று கேட்கும். இது 'தொப்' என்று விழுந்தது. விழுந்தது அப்படியே பாதி புதைந்து நின்றுவிட்டது.

லூசியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்கும் ரெண்டு நாள் முன்னாடி மெழுகிக் காயப்போடுகிறவள், அன்று விடியற்காலையில் வந்து அந்த ஒரு களத்தை மட்டும் புதுச்சாணி போட்டு மெழுகிவிட்டாளாம். ஏன்டி என்று கேட்டதற்கு, "அண்ணன் கோப்பை வாங்கற எடம், பழைய மெழுக்கோட இருந்தா நல்லாவா இருக்கும் அண்ணி? வெயிலு அடிக்கும்னு பாத்தன்" என்கிறாள். உன் அம்மா ஞானஸ்நானத்தன்று நான் மரியபுஷ்பம் என்று சொல்லி அனுப்ப, கோவிலுக்குள் போய் சாமியாரிடம் செலினா என்று சொல்லிவிட்டு வந்தவள்தானே இவள். பெற்ற பெண்ணை நான் கூப்பிடும்போதெல்லாம் லூசி வைத்த பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீரமுத்து நல்ல மனுஷன், அதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். "கையால எடுத்து தொடச்சி வெச்சிக்கப்பா பிலவேந்திரா, நான் இன்னா கேக்கவா போறன்" என்றார். உன் தாத்தா அசையவில்லை. "பந்து விழுந்த எடத்துலயே அடிக்கணும், கையால தொடக்கூடாதுன்னு ஆல்பின் சொல்லிக்கினு இருந்தான். அவனையே கேளுங்க." செலினா உனக்குப் போன் போட்டாள். அறிவுச்செல்வன் போட்டார். சாமியாரும் தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தார். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மழைத்தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.

உன் தாத்தா அடித்தார். நாலாவது அடியில் பந்து விரல்கடை நகர்ந்தது. சாணி மட்டும் நகர்ந்தது சாமியார் அங்கி வரைக்கும். அஞ்சாவது அடி என் ஞாயிற்றுக்கிழமைப் புடவைக்கும் வீரமுத்து வேட்டிக்கும். ஆறாவதில் பந்து குழிக்குள் போனது. ஒரு அடியில் தோற்றார். மார்பெல்லாம் பச்சைப்புள்ளியாக நின்ற சாமியார் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அவருக்கு நம் வீட்டு நிலைமை தெரியாது. சின்னப்பொண்ணு எல்லார் கையிலும் கிழங்கைத் திணித்தாள். உன் தாத்தா வீரமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். கிழங்கைக்கூடத் தொடவில்லை. அன்று சாயங்காலமே மலையிலிருந்து ஓடை இறங்கி ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே போய்ப் பூப்போட்டுக் கும்பிட்டது. ஒன்பது குழியும் தண்ணீருக்குள். இந்த வருஷம் அவ்வளவுதான்.

ஆசையாக மெழுகினாள் என்று உன் அம்மா சமாதானம் சொல்கிறாள். ஆசையாகச் செய்ததற்காக அந்த மனுஷன் மறுபடி கட்டிலோடு போக வேண்டுமா? லூசியை நான் மன்னிக்க மாட்டேன். இதை மாதாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும். பெங்களூர்க் குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொள். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

உன் ஆயா,
ரெஜினா

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பார்த்தேன். வீரமுத்து வீட்டு நெல் களத்தில் உன் தாத்தா குச்சியோடு நிற்கிறார், லூசி சாணி வாளியோடு நிற்கிறாள். நேற்று மெழுகினது ஒரு பக்கம், காலையில் மெழுகினது ஒரு பக்கம், ரெண்டிலும் பந்தை அடித்துப் பார்க்கிறார்கள். என்ன இது என்று கேட்டேன். "அடுத்த வருசம் ஈரத்துலயும் அடிப்பன்டி" என்கிறார். ஜெயித்திருந்தால் சொன்னபடி குச்சி பரண்மேலும் மனுஷன் கட்டில்மேலும்தான் இருந்திருக்கும். லூசியை வீட்டுக்குக் கூட்டிவந்து காபி போட்டுக் கொடுத்தேன். செலினா என்கிற பேரும் கேட்கக் கேட்க அப்படி ஒன்றும் மோசமில்லை.

ஆனால் மன்னிக்க மாட்டேன் என்று மாதா முன்னால் எழுதியாகிவிட்டது, அதை இனி யார் மேலாவது போட்டாக வேண்டும். முதலில் எழுதினேனே, அன்று வந்தவர்கள் பேர், அதைத் திரும்பப் படி. ராசுவின் ஆடுகூட வந்திருந்தது. வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அங்கே யாரோ பெரிய மனுஷர்கள் ஆட்டத்துக்குப் புல் வெட்டிக்கொண்டு, அடித்த போனையும் எடுக்காத பேர் ஒன்றே ஒன்றுதான் அதில் இல்லை. நேரில் வந்து என் கையால் ஒருவேளை சோறு தின்கிறவரை அந்தப் பேரை நான் மன்னிக்கப்போவதில்லை, ஆல்பின்.