பீரோக் கதவும் நாற்பத்திரண்டு பக்க அத்தியாயமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்கியமாகத் தங்கள் ரத்த அழுத்தம் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். இங்கே உங்கள் பிள்ளையும் என் பெண்ணும் நலம். என் நலம் வெள்ளிக்கிழமை லாரி வரும்வரைதான்.

தாங்கள் புது வீட்டுக்குப் போகும்வரை என் கார் ஷெட்டில் வைத்திருக்கச் சொல்லி ஒப்படைத்தீர்களே, வெள்ளிக்கிழமை லாரியில் அங்கே வரப்போகிற அந்த மர பீரோ விஷயம். பீரோ பத்திரம். கதவும் பத்திரம். கதவின் உட்பக்கம்தான்... இருங்கள், வரிசையாக வருகிறேன்.

ஓய்வு பெற்றபின் எனக்கு இது முதல் கோடை. பழைய சாமான் கடையில் இரண்டு நாற்காலி வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். உட்கார்ந்தவர் யாரும் விழவில்லை. ஒருவர் ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான். என் மனைவிக்குக் கோடை என்றால் நாவல். நான் தேய்க்க, அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உரக்கப் படிப்பாள். அத்தியாயம் முடியும்வரை என் கை நிற்கக்கூடாது, நின்றால் அவளும் நிறுத்திவிடுவாள் என்பது ஒப்பந்தம்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். தங்கள் பீரோவையும் பளபளப்பாக்கி அனுப்பி அசத்தலாம் என்று ஆசை. வெளிப்பக்கம் மட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அன்றைக்குப் பார்த்து நாற்பத்திரண்டு பக்க அத்தியாயம். கதாநாயகி ரயிலில் ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள், அவன் பிளாட்பாரத்துல மரம் மாதிரி நிக்கிறான், போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கிறான், எனக்கானா கண்ணுல தண்ணி, கை பாட்டுக்குத் தேய்க்குது, முன்பக்கம் முடிஞ்சு, பக்கவாட்டு முடிஞ்சு, கதவத் திறந்து உள்பக்கத்தையும் தேய்ச்சுட்டேன், சம்பந்தி. அவ புத்தகத்த மூடிட்டு நிமிர்ந்து பாத்தா.

"ஏங்க, அந்தக் கதவுல பென்சில் கோடு இருந்துச்சே?"

இருந்தது. மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுவரை மாப்பிள்ளையை நிற்கவைத்துத் தாங்கள் போட்ட உயரக் கோடுகள். பீரோவை ஒப்படைத்தபோது, "வேற எது உடைஞ்சாலும் போகட்டும், இந்தக் கோடு வந்து சேரணும்" என்றீர்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், தாங்கிக்கொள்வேன். என் பெண் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தங்களுக்கு அந்த மொட்டைக் கதவு ஞாபகம் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

ஒரு திருட்டுத்தனமும் செய்தேன். பென்சிலை எடுத்து நானே கோடு போட்டேன். மனைவி வந்து பார்த்தாள். "ஒம்பது வயசுல இருந்ததவிட பத்து வயசுல பிள்ளை நாலு விரல் குட்டையாயிட்டான். பதினொண்ணுல திடீர்னு ஒரு முழம் வளந்துட்டான். இத சம்பந்தி நம்பணும்னா அவரும் என்னைமாதிரி நாவல் படிக்கிறவரா இருக்கணும்" என்றாள். அதையும் தேய்த்துவிட்டேன்.

திட்டுவதானால் கடிதத்தில் திட்டவும். எனக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் போன் பேசத் தெரியும், தெருவுக்கே கேட்கும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தை உடனேயும், இந்த விஷயத்தை ஆறஅமரவும் சொல்லவும்.

மன்னிப்பை வேண்டிக் காத்திருக்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். கதவைப் பார்த்தார். நான் அவர் காலில் விழாத குறை. அவரோ சிரிக்கிறார். "மாமா, அது அப்பா போட்ட கோடே இல்ல. பதினாறு வயசுல கதவத் துடைக்கிறேன்னு சோப்புத் தண்ணியால எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அப்பா ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள குத்துமதிப்பா நானே போட்டேன். இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார், சொல்லிடாதீங்க" என்றார். இப்போது ஷெட்டில் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார். பழகிய கை, சரசரவென்று போகிறது. தங்களிடம் மூச்சுவிடமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுதத் தெம்பில்லாததால் இதையே அனுப்புகிறேன். ஆகவே மேலே சொன்ன எதுவும் நடக்கவில்லை. கோடுகளெல்லாம் தாங்கள் போட்டது போட்டபடியே இருக்கின்றன.