சொக்கன் தின்ற கறுப்பு சாக்லேட்

மூலக்குளத்து அருள்முருகனுக்கு அந்த வீட்டில் தனக்கென்று இருந்தது ஒரே ஒரு ரகசியம்தான். பிரான்ஸிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த கறுப்பு சாக்லேட். செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். சர்க்கரை நோய்க்கு அண்ணனின் காலையே காவு கொடுத்த குடும்பம். இவர் கால் கட்டைவிரல் புண்ணும் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. 'கசப்புதானே, பாகற்காய்க்குப் பங்காளி' என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

ஒரு மதியம் கடைக்குப் போய்த் திரும்பினால், கூடத்தில் கிழிந்த சாக்லேட் தாள். பக்கத்தில் அவர்கள் நாய் சொக்கன், மூச்சிரைக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

சாக்லேட் நாய்க்கு விஷம் என்பது அவருக்குத் தெரியும். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் தன் கதி அதைவிட மோசம் என்பதும் தெரியும். தாளைச் சட்டைப் பையில் திணித்தார்.

"இன்னாங்க ஆச்சு இதுக்கு?" நிர்மலா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"தெருவுல எதையோ தின்னுட்டு வந்திருக்கு. உப்புத்தண்ணி குடுத்தா கக்கிடும்."

"சும்மா இருங்க. டாக்டரம்மாவ கேக்கறேன்."

நெல்லித்தோப்பு கால்நடை டாக்டர் தஹ்ஸீன் போனிலேயே சத்தம் போட்டார். "உப்புத்தண்ணி ஊத்திடாதீங்க, அதுவே கொன்னுடும்! கைவைத்தியமே வேணாம். அது தின்னதுல மிச்சம், தாள், கவர், எது கெடந்தாலும் எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க."

ஆட்டோவில் நிர்மலா அழவில்லை. மடியில் சொக்கனின் உடம்பு அதிர்ந்துகொண்டே வந்தது. அருள்முருகனுக்குச் சட்டைப் பை கல்லாய்க் கனத்தது.

"என்ன தின்னுச்சு?" என்றார் டாக்டர்.

அருள்முருகன் சொக்கனின் தலையைத் தடவினார்.

"தெரிஞ்சாதான் சார் காப்பாத்த முடியும்."

சொக்கன் அவர் கையை நக்கியது. அதோடு அவர் உடைந்தார். தாளை மேசைமேல் வைத்தார். "என்னோடதுதான் டாக்டர். பாதிக் கட்டி இருந்திருக்கும்."

"பாதி இல்ல டாக்டர்," என்றாள் நிர்மலா. "ரெண்டு துண்டுதான். மிச்சத்த நேத்து நான் தின்னுட்டேன்."

"உனக்குத்தான் புடிக்காதே!"

"அப்பப்ப கஷாயம் மாதிரி முழுங்குறதுதான். தூக்கிப் போட்டா வேற எடத்துல ஒளிப்பீங்க. கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சா, நாமளே தின்னுட்டோம்னு நெனச்சுக்குவீங்க."

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார்கள். வாந்தி வந்தது. விஷத்தை உறிஞ்சக் கரித்தூளைக் கரைத்துப் புகட்டினார்கள். பொழுது சாயும்போது நடுக்கம் அடங்கியது.

"அளவு கம்மி. பொழச்சுக்கும்," என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் நிர்மலா அவர் காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். "உங்க அண்ணி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தத பாத்தவ நான். எனக்கு அது வேணாங்க." அப்போதுதான் அழுதாள்.

இனி இவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று அருள்முருகன் முடிவு கட்டினார்.

"நிர்மலா, இன்னொரு கட்டி இருக்கு. பீரோ மேல, பழைய ஹெல்மெட்டுக்குள்ள."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சு."