ராகுகாலத்து இங்கிலீஷ்

மேசை மேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. பகவதியப்பன் அதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை.

"எடுங்கண்ணே. சம்பந்தக்காரி இத்தாலியிலேருந்து கூப்பிடுகா. இப்பிடியா முழிச்சிட்டு இருக்கது?" என்றார் பக்கத்து வீட்டு நேசபாய் டீச்சர்.

"மணி அஞ்சு டீச்சரே. ஞாயித்துக்கிழமை நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். நாலு மணிக்குக் கூப்பிடுதேன்னு சொன்னவிய இப்பம் கூப்பிட்டா நான் என்ன செய்ய?"

போன் அடித்து ஓய்ந்தது. பகவதியப்பன் பெருமூச்சு விட்டு, புது வேட்டியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

நாலு மணியிலிருந்தே அவர் அப்படித்தான் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தோவாளை பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஒரே மகள் ஜிஷா இத்தாலியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் மத்தேயோ என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா லூச்சியா ஏதோ ஒரு மலையோரக் கிராமத்தில் இருந்தார். பெண்ணின் அப்பாவிடம் தானே நேரடியாகக் கேட்பேன், நடுவில் யாரும் வேண்டாம் என்று அந்த அம்மாள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். பகவதியப்பனுக்குச் சம்மதம்தான். 'யெஸ்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். நல்ல நேரத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி ஓமனா இருந்தவரைக்கும் அவர் ராகுகாலத்தைக் கேலி பேசியவர். "பிச்சிப்பூவு ராகுகாலம் பாத்தா விரியுது?" என்று கேட்பார். ஓமனா போன வருஷம் போனாள். "மத்தது எல்லாம் உங்க இஷ்டம். பிள்ளைக்க கல்யாணப் பேச்சு மட்டும் நல்ல நேரத்துல பேசிருங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவர் பஞ்சாங்கக்காரரைவிடக் கண்டிப்பானவராகிவிட்டார்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை ஜிஷா. எடுத்ததுமே அழுகை.

"ஏம்பா எடுக்கல்ல? தன்னப் பிடிக்காமத்தான் நீங்க எடுக்கலன்னு மத்தேயோக்க அம்மை அவன்கிட்ட சொல்லி அழுகாவ."

"நாலு மணிக்குன்னுதானே மக்கா சொன்ன?"

"இன்னைக்கு இங்க கடிகாரத்த ஒரு மணிக்கூர் பின்னால திருப்பிட்டாவப்பா. குளிர்காலம் வந்தா அப்பிடித்தான். நான் மறந்துட்டேன்."

"நல்ல ஊரு. கடிகாரத்தத் திருப்பினவனுக்கு ராகுவையும் சேத்துத் திருப்பத் தெரியாதா?"

"இத்தாலில ராகுகாலமே கிடையாதுப்பா!"

"ஏன், சூரியன் இருக்கில்லா?"

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் டியூட்டில நிக்கோம். அவிய சம்மதிக்காம அவன் கட்ட மாட்டான். அடுத்த தடவ அடிச்சா எடுத்திருங்க." வைத்துவிட்டாள்.

பகவதியப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சுக்குப் போகிறவருக்கு ராகுவிடம் பயமில்லை. இரண்டு மாதமாகப் பகவதியப்பனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதும் டீச்சர்தான். குடும்பம், பிரயாணம், சாப்பாடு என்று எத்தனையோ பாடங்கள் நடத்திப் பார்த்தார். எல்லாம் மறுநாளே வாடிப்போயின. நேரத்தைப் பற்றிய பாடம் மட்டும் பச்சென்று நின்றது. ஒரு மணி நேரம் தாமதமானால் பூவைக் குப்பையில் கொட்ட வேண்டிய தொழில். வேறெந்தப் பாடம் நிற்கும்?

"ஆமான்னும் சொல்லாண்டாம், இல்லன்னும் சொல்லாண்டாம். ஆறு மணி வரைக்கும் இழுங்க. படிச்சதெல்லாம் பின்ன எதுக்கு?" என்றார் டீச்சர். கேமராவில் தெரியாதபடி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குப் போன் மறுபடி அடித்தது. திரையில் நரைத்த தலையும் நீலச் சட்டையுமாக ஓர் அம்மாள் தெரிந்தார். சிரித்தார். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் ஏதோ இருக்கும்போல என்று பகவதியப்பன் நினைத்தார்.

"யுவர் டாட்டர். மை சன். மேரேஜ். யெஸ்?" என்றார் அந்த அம்மாள், முன்னுரை எதுவும் இல்லாமல்.

பகவதியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபார் தி டைம் பீயிங்..." என்றார்.

இப்போதைக்கு என்று அர்த்தம். இப்போதைக்கு என்ன என்று சொல்ல அவரிடம் இங்கிலீஷ் இல்லை.

லூச்சியா பக்கவாட்டில் பார்த்துவிட்டு யோசித்தார். "இன் தி மீன் டைம்?" என்று கேட்டார்.

"அதுவரைக்கும் பிள்ளைய என்ன செய்யதுன்னு கேக்காவ," என்று டீச்சர் கிசுகிசுத்தார். "பயங்கர இங்கிலீஷ் அண்ணே. ஒரு வரியில அமுக்கிட்டாவ பாத்தியளா?"

பகவதியப்பன் படித்த பாடத்தைத் துழாவினார். "சூனர் ஆர் லேட்டர்," என்றார்.

"ஹவ் லாங்?"

"இன் தி லாங் ரன்."

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. தன் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மனசு கேட்காமல் பகவதியப்பன் ஆறுதலாகச் சிரித்தார். ஒருவர் சங்கடம் சொல்லும்போது நம் ஊரில் எல்லோரும் செய்வதுபோல் ம், ம் என்று தலையாட்டியும் கேட்டார்.

"அண்ணே!" டீச்சர் பதறினார். "தலைய ஆட்டிட்டியளே! அது ஆமாம்லா?"

ராகுகாலத்திலேயே சம்மதம் சொல்லியாகிவிட்டதா? சொன்னதை அழிக்க வேண்டுமே! பகவதியப்பன் இடமும் வலமுமாகத் தலையைப் பலமாக ஆட்டினார்.

லூச்சியா கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்பம் முடியாதுன்னு சொல்லிட்டியளே!"

"பின்ன எப்பிடி டீச்சரே அழிக்கது?"

"நெட்டு நின்னுபோன மாதிரி அசையாம இருங்க. நேரம் போவும்."

பகவதியப்பன் வாயைப் பாதி திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி சிலையானார். நன்றாகத்தான் செய்தார். ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. பின்னால் காலண்டர் படபடத்தது. லூச்சியா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். போதாக்குறைக்கு, தொண்டை வறண்டிருக்குமே என்று டீச்சர் சுக்குக்காப்பி டம்ளரைத் தூக்கிச் சிலையின் கையில் வைத்தார். காப்பி கொதித்தது. சிலை, "எக்கம்மோ!" என்று அலறியது.

"என்ன டீச்சரே நீங்க!"

"பாவம்னு தந்தேன்! நெட்டு நின்னவருக்கு சத்தம் மட்டும் எப்பிடி வந்துது?"

லூச்சியா தன் வீட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். "ரன்னிங் அவுட் ஆஃப் டைம்," என்று சொல்லி எழுந்தார்.

"நேரம் தீந்து போச்சாம். வச்சிரப் போறாவண்ணே!"

ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பகவதியப்பன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பக்கத்து அறைச் சுவரில் ஓமனாவின் படம், காலையில் போட்ட பிச்சிச் சரத்தோடு இருந்தது. அதன் முன்னால் போனைப் பிடித்தார்.

"மை வைஃப்," என்றார். மேலே என்ன சொல்ல என்று தேடினார். "ஒன் இயர் அகோ."

சொன்ன பிறகுதான், அன்று முழுக்கத் தான் சொன்ன இங்கிலீஷில் அது ஒன்றுதான் சொல்ல நினைத்ததைச் சொன்னது என்று அவருக்குப் பட்டது.

லூச்சியா உட்கார்ந்துவிட்டார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவரும் போனைத் திருப்பி, மாடத்தில் ஒரு மெழுகுவர்த்திக்குப் பின்னால் இருந்த மீசைக்காரரின் படத்தைக் காட்டினார். "லாங் டைம் அகோ," என்றார்.

இரண்டு பேரும் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்திருந்த டீச்சர் முன்னறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். அந்த ஊரில் எங்கோ ஒரு மணி அடித்து ஓய்ந்தது. இங்கே கடிகாரம் ஆறைத் தொட்டது.

"அண்ணே, ஆறு!"

"யெஸ்!" என்று பகவதியப்பன் கத்தினார். அந்தக் கத்தலுக்குத் தெருவில் நாய் குரைத்தது. "மேரேஜ் யெஸ்! டாட்டர் யெஸ்! சன் யெஸ்! யெஸ்!"

லூச்சியா திகைத்துப்போனார். பக்கவாட்டில் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. சொன்னார்:

"ஒன்ஸ் அப்பான் எ டைம்."

பகவதியப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன சொல்லுகாவ?"

"என்னத்தச் சொல்ல அண்ணே... அதெல்லாம் ஒரு காலத்துல இருந்துதுங்காவ. பழைய கதை ஆயிட்டாம். கை விட்டுப் போச்சு."

பகவதியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஓமனா சொன்னதைக் காப்பாற்றப்போய், பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. படத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை. "பிள்ளைகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்று முனகினார்.

திரையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பக்கவாட்டிலிருந்து ஓர் அங்கி நுழைந்தது. அங்கிக்கு மேல் நல்ல கறுப்பாக, தாடி வைத்த ஒரு முகம் வந்து திரை முழுக்க நின்றது.

"அண்ணாச்சி, பதறாதீங்க, அம்மைக்குச் சந்தோசம்தான்! நான் ஃபாதர் யூஜின், நம்ம முட்டத்துக்காரன், இங்க பங்குச் சாமியாரா இருக்கேன். இந்த அம்மைக்கு இங்கிலீஷ் ஒண்ணும் தெரியாது, உங்ககிட்ட தானேதான் பேசுவேன்னு ஒத்தக்கால்ல நின்னதால ரெண்டு மாசமா நான்தான் சொல்லிக்குடுக்கேன், இன்னும் நேரம் பாடத்தத் தாண்டல்ல!"