மலையேறத் தெரிந்த கணக்கர்

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவனை விமான நிலையத்தில் சோதிப்பவர் குடியேற்ற அதிகாரி என்றா நினைக்கிறீர்கள்? அவர் பாவம், முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். உண்மையான சோதனை வெளியே, தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இனத்துக்கு 'முன்னால் வந்தவர்' என்று பெயர்.

அவருக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். உங்களுக்கு எட்டு வருஷம் முன்னால் விமானம் ஏறினார். அவ்வளவுதான். பேருந்தில் முதலில் ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஏறுகிறவனுக்கெல்லாம் பேருந்து ஓட்டப் பாடம் நடத்துவானே, அந்த ரகம்.

நம் கணக்கருக்கு இப்படி வாய்த்தவர் சொந்தச் சகலை, மனைவியின் அக்கா புருஷன். கணக்கர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு சிமெண்ட் கம்பெனியில் பதினாலு வருஷம் மாசாமாசம் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டவர், கீழே ஆறு பேரை வைத்து வேலை வாங்கியவர், அந்தப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் மார்க் போட்டுத்தான் இந்த நாடு விசாவே கொடுத்தது. அப்படிப்பட்டவர் மனைவியோடு சகலை வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கணக்கரின் பயோடேட்டா கிடத்தப்பட்டது. சகலை கண்ணாடியை மாட்டினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். ரத்தம் பார்க்காமல் அந்தப் பேனா மூடியதாகச் சரித்திரம் இல்லை.

"தம்பி, பதினாலு வருஷம்னு போட்டா பயந்துருவாங்க. மூணுன்னு போடு."

"அண்ணே, மீதி பதினோரு வருஷம் என்ன பண்ணினேன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. இது நம்ம ஊர் இல்ல."

"கீழ ஆறு பேர் இருந்தாங்களே..."

"அடிச்சிரு. ஆள வச்சு வேலை வாங்குனவன் அடங்கி இருக்க மாட்டான்னு நினைப்பாங்க. எனக்குத் தெரியாததா?"

ஆறு பேரும் ஒரே கோட்டில் செத்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் சகலையின் முகம் சுருங்கியது.

"பொழுதுபோக்கு, பழைய பாட்டு கேட்பது. விளங்கும்! மலையேறுதல்னு போடு. இங்க உள்ளவங்களுக்கு மலைன்னா உசுரு."

"அண்ணே, லிஃப்ட் ரிப்பேர்னா ரெண்டு மாடிக்கே எனக்கு மூச்சு வாங்கும்."

"பேப்பர்ல ஏறினாப் போதும்பா."

திருத்திய பிரதியைக் கணக்கரின் மனைவி வாங்கிப் படித்தாள். "நமக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சு. இதுல பாத்தா மூணு வருஷமாத்தான் வேலை பாத்திருக்கீங்க. அப்ப வேலைவெட்டி இல்லாதவருக்கா எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு?"

"நீ சும்மா இரும்மா" என்றார் சகலை. "நான் இங்க பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?"

என்ன பாடு? ஊரில் வங்கி அதிகாரியாக இருந்தவர் இங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். அதில் ஒரு கேவலமும் இல்லை, உழைக்கிறவனைக் கேலி பேசினால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் இந்த நாட்டில் ஒரு நாள்கூட நிதித்துறைப் படியை மிதிக்காத மனுஷர், நிதித்துறையில் வேலை பிடிப்பது எப்படி என்று வருகிறவனுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறாரே, அதை எந்த நாக்கால் பாராட்டுவது?

எந்த விளம்பரத்துக்கு எழுதுவது என்பதையும் சகலையே முடிவு செய்தார், அவரே அனுப்பினார். நாற்பது கம்பெனிகள் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தோராவதாக ஒரு பெயிண்ட் கம்பெனி கூப்பிட்டது. அதற்குள் சகலை கிடங்கு மேஸ்திரியிடம் சொல்லிவைத்து, ஆரஞ்சு நிறக் கிடங்குச் சட்டை ஒன்றை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். "இது கிடைக்கலேன்னா திங்கக்கிழமை என்கூட வந்துரு. அளவு சரியா இருக்கும்." கணக்கர் ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அது அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது.

பேட்டி எடுத்தவர் நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய அம்மாள். அந்தக் கம்பெனியின் கணக்குத் தலைவர். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மலையேறுவீங்களா?"

"ஏறுவேன்."

"எந்த மலை?"

கணக்கருக்கு அந்த நேரம் பார்த்து உலகத்தில் ஒரு மலையின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

"இந்த வருஷம் நீங்க அஞ்சாவது ஆள்" என்றார் அம்மாள். "அஞ்சு பேரும் மலையேறுறவங்க. அஞ்சு பேருக்கும் சரியா மூணு வருஷ அனுபவம். இன்னொருத்தர் இருக்கார், முன்னாள் வங்கி அதிகாரி, வருஷம் தவறாம விண்ணப்பம் போடுவார். ஏழு வருஷமா அவருக்கு மூணு வருஷ அனுபவம்தான். மலையேறுறவங்க எல்லாரும் எதுக்குக் கணக்கு எழுத வர்றீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

கணக்கரின் கண்ணுக்குள் ஆரஞ்சுச் சட்டை ஆடியது. இனி மறைத்து ஆகப்போவது என்ன?

"மன்னிக்கணும் மேடம். நான் ஏறினது ஒரே ஒரு மலைதான். சிமெண்ட் மூட்டை மலை. குடோன்ல சரக்கு இருக்குன்னு நாலு வருஷமா கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சந்தேகம் வந்து மேல ஏறி மிதிச்சுப் பாத்தேன். மழைத் தண்ணி இறங்கி, பாதி மூட்டை பாறையாக் கிடந்துச்சு. முதலாளி திட்டத் திட்ட அதைக் கணக்குலேருந்து எடுத்தேன். எனக்கு அனுபவம் மூணு வருஷம் இல்ல, பதினாலு."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மூட்டைகளைப் பற்றியே அரைமணி நேரம் துருவினார். கடைசியில், "பத்து வருஷத்துக்குக் குறையாம அனுபவம் வேணும்னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்தோமே, படிக்கலையா?" என்றார்.

எங்கே படித்தார்? படித்தது சகலை.

வேலை கிடைத்தது. வீட்டில் சகலை கணக்கரைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா! நான் போட்ட மலை வேலை செஞ்சுதா இல்லையா?" ஏழு வருஷமாக மூணு வருஷ அனுபவம் உள்ள அந்த முகத்தைக் கணக்கர் பார்த்தார். "ஆமாண்ணே, உங்க மலைதான்" என்றார். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், தனி வீடு கிடைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஆறு மாதம் போயிற்று. மனைவியின் பெரியப்பா மகன், ஊரில் வரிக்கணக்குப் பார்த்துப் பேரெடுத்தவன், வந்து இறங்கினான். தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது யார்? நம் கணக்கரேதான். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜை, கண்ணாடி.

"பொழுதுபோக்கு மலையேறுதல்னு போட்டிருக்கேன், மச்சான். பெரியக்கா வீட்டுக்காரர் சொன்னாரு."

"மலையெல்லாம் பழசாயிடுச்சு, மச்சான்" என்று கணக்கர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "நீச்சல்னு போடு. எனக்குத் தெரியாததா?"

சிரிப்பு வருகிறது, இல்லையா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற பேனாவைக் கொஞ்சம் திறந்து, மை என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.